வயிறு நோகாமலே வரும் புண்

2006 ஆம் ஆண்டு முடிவில் சிக்குன்குனியா கல்முனையிலும் மட்டக்களப்பிலும் வீடு வீடாகப் பரவியபோது எங்கள் வீட்டில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று கிழமையில் சரியாகிவிட்டது. அம்மாவுக்குக் காய்ச்சல் போனது, மூட்டு நோ போகவில்லை. காலையில் எழும்பினால் விரலை மடக்க முடியாது, கிணற்றில் வாளிக் கயிறு பிடிக்க முடியாது. சந்திக் கடையில் டைக்ளோபினாக் என்ற நோக் குளிசை வாங்கிப் போட்டார். போட்டால் அரை மணித்தியாலத்தில் கை கால் வேலைக்கு வந்துவிடும். அப்படியே காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாதக் கணக்கில் போனது. "வயிறு எரியுதா?" என்று இடைக்கிடை கேட்போம். "ஒண்டுமில்ல" என்பார். நாங்களும் விட்டுவிடுவோம்.

ஒரு நாள் விடியற்காலை கக்கூசிலிருந்து வந்தவர் படியிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். உதடு வாழைத்தண்டு மாதிரி வெளிறிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, மலம் என்ன நிறத்தில் போகிறது என்பது. மூன்று நாளாகத் தார் போலக் கறுப்பாகத்தான் போயிருக்கிறது. முருங்கையிலை சாப்பிட்டதால் என்று அம்மா நினைத்திருக்கிறார். ஹீமோகுளோபின் 6. பெண்களுக்கு 12 ஆவது இருக்க வேண்டும். கெமரா விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண், அதிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "வயிறு ஒரு நாளும் நோகல்ல மகன்" என்று அம்மா டொக்டரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அதுதான் இந்த வருத்தத்தின் ஆபத்தான பகுதி. இந்தப் பக்கத்தில் நோக் குளிசை போடாத வீடே இல்லை என்பதால், அது எப்படி நடக்கிறது என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

இரைப்பை ஒரு நாளில் ஏறக்குறைய 2 லீட்டர் சாறு சுரக்கிறது. இறைச்சியையே கரைக்கும் அமிலம் அதில் இருக்கிறது. அந்த அமிலம் இரைப்பையைக் கரைக்காமல் இருப்பதற்கு மூன்று காவல்கள் உண்டு. உட்சுவரின் மேல் தடித்த சளிப்படலம் இருக்கிறது. அந்தப் படலத்துக்குள் அமிலத்தை முறிக்கும் பைகாபனேற்று சுரக்கிறது. சுவருக்குள் ஓடும் இரத்தம், தேய்ந்த இடத்தை உடனுக்குடன் புதுப்பிக்கிறது. இந்த மூன்றையும் நடத்துவது புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள். வயல் வட்டைக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வட்டவிதானை இருந்து, எந்த வரம்பு உடைந்தது, எங்கே தண்ணீர் கூடியது என்று பார்த்துக்கொள்வதைப் போன்ற வேலை அது. வட்டவிதானை இல்லாத போகத்திலும் வரம்பு முதல் நாளே உடைந்துவிடாது. ஆனால் உடைந்தால் கட்ட ஆள் இருக்காது.

இதே புரொஸ்டகிளாண்டின்தான் முழங்காலில் வீக்கத்தையும் நோவையும் கூட்டுகிறது. நோக் குளிசை செய்வது அதன் உற்பத்தியை நிறுத்துவது. முழங்காலில் நிறுத்தினால் நோ குறைகிறது. ஆனால் விழுங்கிய குளிசை இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. இரைப்பையிலும் அதே உற்பத்தி நின்றுபோகிறது. இந்த இனத்தைச் சேர்ந்த அஸ்பிரின் 1899 இல் விற்பனைக்கு வந்தது. அது வயிற்றைப் புண்ணாக்குவதை 1938 இலேயே இரண்டு லண்டன் மருத்துவர்கள் இரைப்பைக்குள் குழாய் விட்டுக் கண்ணால் பார்த்தார்கள். ஏன் என்ற விளக்கம் கிடைக்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜோன் வேன் என்ற ஆய்வாளர், அஸ்பிரினும் அதன் இனத்தவையும் புரொஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982 இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

இது விளங்கினால் நம்மிடையே உலாவும் சில நம்பிக்கைகள் தானாகவே விழுந்துவிடும்.

முதலாவது, ஊசி. "குளிசை வயித்துக்குக் கூடாது, ஊசியாப் போடுங்க டொக்டர்" என்று கேட்பவர்கள் அதிகம். மலவாசல் வழியாக வைக்கும் டைக்ளோபினாக் குளிசையையும் வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்றே நம்புகிறார்கள். குளிசை வயிற்றைத் தொட்டு அரிப்பது சேதத்தின் ஒரு சிறு பங்கு மட்டுமே. பெரிய பங்கு இரத்தத்தின் வழியாக வருகிறது. ஊசியும் பின்வழிக் குளிசையும் இரத்தத்துக்குத்தான் போகின்றன. வயிற்றில் கரையாமல் குடலில் கரையும்படி பூச்சுப் பூசிய அஸ்பிரினும் இந்தக் காரணத்தால் புண்ணைத் தடுப்பதில்லை.

இரண்டாவது, சாப்பாடு. சாப்பிட்ட பிறகு போட்டால் எரிவு, குமட்டல் குறையும், அந்த அளவில் நல்லது. ஆனால் வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டுப் போட்டாலும் வட்டவிதானை வேலைக்கு வரப்போவதில்லை. அப்புறம் பால். குடித்தவுடன் சுகமாக இருக்கும், சற்று நேரத்தில் அமிலச் சுரப்பு இன்னும் கூடும். தயிருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. தயிரைச் சாப்பாடாகச் சாப்பிடுங்கள், மருந்தாக நம்ப வேண்டாம்.

மூன்றாவதுதான் அம்மாவை வீழ்த்தியது. வயிறு நொந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்ற நினைப்பு. நோவை அடக்கும் மருந்து, தான் உண்டாக்கிய புண்ணின் நோவையும் அடக்கிவிடலாம். வயதானவர்களுக்கு வயிற்று நோ தெரிவது வேறு குறைவு. இந்த மருந்துகளால் கடுமையான இரத்தப்போக்கோ, இரைப்பையில் ஓட்டையோ வந்து ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதற்கு முன் வயிற்றில் எந்த அறிகுறியும் இருந்ததில்லை. நெஞ்செரிவு உள்ள எல்லோருக்கும் புண் இருப்பதுமில்லை. ஆகவே எரிவை நம்பிக் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. யாருக்கு ஆபத்து கூட என்று முதலிலேயே பார்த்து, முதல் குளிசையோடு சேர்த்தே காவலும் கொடுக்க வேண்டும்.

இந்தக் குளிசைகளைத் தொடர்ந்து போடும் 100 பேருக்குக் கெமரா விட்டுப் பார்த்தால் 15 முதல் 30 பேருக்குப் புண் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் ஆறிப்போகும். ஆண்டுக்கு 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இரத்தப்போக்கு, ஓட்டை, அடைப்பு என்று பாரதூரமாகும். ஒன்றிரண்டு என்றால் சின்னத் தொகை போலத்தான் தெரியும். வேளாண்மை வெட்டு முடிந்த கிழமையில் ஒரு ஊரில் எத்தனை பேர் நாரி நோவுக்குக் குளிசை போடுகிறார்கள், கரைவலை இழுப்பவர்கள் எத்தனை பேர், மருதமுனையில் தறியில் குந்தியிருந்து முதுகு பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று கூட்டிப் பார்த்தால் அது சின்னத் தொகையாக இருக்காது.

அந்த ஒன்றிரண்டு பேர் யார் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். முன்பு புண்ணோ இரத்தப்போக்கோ வந்தவர்தான் எல்லோரிலும் முதலாவது. 65 வயதைத் தாண்டியவர்கள், அதிக அளவில் போடுபவர்கள், இரண்டு வகை நோக் குளிசையை ஒன்றாகப் போடுபவர்கள், இதயத்துக்காக அஸ்பிரின் அல்லது குளோபிடோகிரல் எடுப்பவர்கள், வாபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்டு மருந்து எடுப்பவர்கள் அடுத்த வரிசை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சேர்ட்ரலின், புளூஒக்செட்டின் வகைக் குளிசைகளும் நோக் குளிசையோடு சேர்ந்தால் இரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டும். இது பலருக்குத் தெரியாது. இவற்றில் இரண்டு மூன்று ஒருவரிடமே இருந்தால் ஆபத்து பல மடங்கு.

இரண்டு வகை ஒன்றாகப் போடுவது வேண்டுமென்று நடப்பதில்லை. ஒருவர் மாதாந்தக் கிளினிக்கில் அஸ்பிரின் வாங்குகிறார். பின்னேரம் முழங்காலுக்குத் தனியார் டொக்டரிடம் போகிறார். அங்கே பெயர் எழுதாத சின்னக் கடதாசிப் பைக்குள் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக நான்கு குளிசை கிடைக்கிறது, அதில் ஒன்று டைக்ளோபினாக். பல் வலி வந்த மகள் வாங்கி மீதி வைத்த புரூபனையும் இரவில் ஒன்று போடுகிறார். மூன்றும் ஒரே குடும்பம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெயர் எழுதாத அந்தக் கடதாசிப் பை மேல் எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது. என்ன மருந்து விழுங்குகிறோம் என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. "பையில பேரை எழுதித் தாங்க" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பெயர்கள் இவை: டைக்ளோபினாக், இபுபுரொபன், மெபனமிக் அமிலம், நப்ரொக்சன், இண்டோமெதசின், பைரொக்சிகாம், அஸ்பிரின். புரூபன் என்பது இபுபுரொபன், பொன்ஸ்டான் என்பது மெபனமிக் அமிலம், வொல்ட்டரன் என்பது டைக்ளோபினாக், டிஸ்பிரின் என்பது அஸ்பிரின். இவற்றுக்குள் இபுபுரொபன் குறைந்த அளவில் வயிற்றுக்கு ஓரளவு இலகு. பைரொக்சிகாம் நீண்ட நேரம் உடம்பில் தங்குவதால் மோசம். பெயர் தெரியாத மூட்டு நோத் தூள்கள் விடயத்திலும் கவனம் வேண்டும். இயற்கை மூலிகை என்று விற்ற சில மருந்துகளைப் பரிசோதித்தபோது உள்ளே டைக்ளோபினாக்கும் ஸ்டீரொய்டும் கலந்திருந்தது வெளிநாடுகளில் பிடிபட்டிருக்கிறது. முறையாகப் படித்த சித்த, ஆயுர்வேத வைத்தியர்களைச் சொல்லவில்லை. "ஒரே நாளில் நோ பறக்கும்" என்று பெயரில்லாத போத்தலில் வருவதைச் சொல்கிறேன்.

பனடோல் இந்தக் குடும்பம் இல்லை. அதாவது பரசிற்றமோல். வழக்கமான அளவில் அது இரைப்பையின் காவலைக் குலைப்பதில்லை. 500 மில்லிகிராம் குளிசை என்றால் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளில் 8 தான் எல்லை. உடல் மெலிந்தவர்கள், ஈரல் நோயுள்ளவர்கள், தினம் குடிப்பவர்களுக்கு அதிலும் குறைவு. தேய்ந்த முழங்காலுக்கு அது பெரிதாகக் கேட்காது என்பதும் உண்மை. ஒன்றிரண்டு மூட்டில் மட்டும் நோ என்றால் டைக்ளோபினாக் ஜெல் பூசலாம். தோல் வழியாக இரத்தத்துக்குப் போவது மிகச் சிறிய பங்கு, வயிற்றுக்கும் அந்த அளவில்தான் பாதிப்பு.

காய்ச்சல் நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழை தொடங்கினால் இங்கே டெங்கு, வயல் இறங்கினால் எலிக்காய்ச்சல். இரண்டிலும் உடம்பு அடித்துப் போட்டதைப் போல உளையும், கை தானாக நோக் குளிசையைத் தேடும். டெங்கில் இரத்தத் தட்டுகள் குறைந்து இரத்தம் கசியும் நிலையில் இருக்கும்போது டைக்ளோபினாக்கோ இபுபுரொபனோ போட்டால் வயிற்றில் பெருக்கெடுக்கலாம். எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்கும், நோக் குளிசையும் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். எந்தக் காய்ச்சல் என்று தெரியும் வரை பனடோல் மட்டும்தான். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இறங்க டைக்ளோபினாக் பின்வழிக் குளிசை வைக்கும் பழக்கத்தை இந்தப் பக்கத்தில் அறவே விட வேண்டும்.

சரி, கட்டாயம் நோக் குளிசை தேவைப்படுபவர் என்ன செய்வது? குறைந்த அளவு, குறைந்த நாள். ஆபத்துள்ளவர் என்றால் கூடவே அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிபிரசோல், பன்டொப்ரசோல் வகை மருந்து, நோக் குளிசை தொடங்கும் அன்றே. வட்டவிதானை இல்லாவிட்டாலும் வாய்க்காலில் தண்ணீரைக் குறைத்துவிட்டால் வரம்பு தப்பும், அந்தக் கணக்குத்தான். இந்த மருந்தை நம்மில் பலர் தவறாகவே எடுக்கிறோம். சாப்பிட்டபின் எரிவு வந்தால் ஒன்று போடுவது அதன் முறை அல்ல. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன், வெறும் வயிற்றில், நோக் குளிசை போடும் நாள் எல்லாம் எடுக்க வேண்டும். நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்பியவுடன் முதலில் இதைப் போட்டு, பிறகு மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம். நோக் குளிசையின் நேரத்தை நோன்புக்கு முன்பே டொக்டரிடம் கேட்டு ஒழுங்குபடுத்துவது நல்லது. மெல்லும் கேஸ்ட்ரிக் குளிசை எரிவை மட்டும் மூடி மறைக்கும், புண்ணைத் தடுக்காது. அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு வகையான பமோடிடின் வழக்கமான அளவில் சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண்ணைத் தடுக்கும், இரைப்பைப் புண்ணுக்கு இரட்டிப்பு அளவு வேண்டும்.

மிசோபுரொஸ்டோல் என்று இன்னொன்று இருக்கிறது. குலைந்த புரொஸ்டகிளாண்டினுக்குப் பதிலாகவே கொடுப்பது. 1995 இல் வெளிவந்த, 8,000 க்கும் மேற்பட்ட மூட்டுவாத நோயாளர்களை வைத்துச் செய்த ஆய்வில் அது பாரதூரமான பாதிப்புகளை ஏறக்குறைய 40 சதவீதம் குறைத்தது. ஆனால் வயிற்றோட்டம் பலரைப் படுத்தும். கருவைக் கலைக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது.

அடுத்தது, வயிற்றின் காவலை விட்டுவிட்டு வீக்கத்தை மட்டும் அடக்கும் மருந்து. புரொஸ்டகிளாண்டினை உண்டாக்கும் நொதியில் இரண்டு வகை இருப்பது 1990களின் தொடக்கத்தில் தெரியவந்தது. காக்ஸ்-1 பெரும்பாலும் வயிற்றைக் காக்கிறது, காக்ஸ்-2 வீக்கத்தில் கூடுகிறது. காக்ஸ்-2 ஐ மட்டும் தடுக்கும் செலகொக்சிப், எட்டோரிகொக்சிப் போன்றவை வந்தன. வயிற்றுப் புண் குறைந்தது உண்மை. ஆனால் அந்த இனத்தில் ரோபெகொக்சிப் மாரடைப்பைக் கூட்டியதால் 2004 செப்டெம்பரில் உலகம் முழுவதிலும் திரும்பப் பெறப்பட்டது. இதய நோய் உள்ளவர்கள் இந்த வகையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. ஒருமுறை இரத்தம் போனவருக்கு நோக் குளிசை தவிர்க்கவே முடியாது என்றால் செலகொக்சிப்புடன் அமிலம் குறைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதே இன்றைக்கு இருக்கும் பாதுகாப்பான வழி. 2007 இல் வெளிவந்த ஹொங்கொங் ஆய்வில் செலகொக்சிப் மட்டும் எடுத்தவர்களில் 100 க்கு ஏறக்குறைய 9 பேருக்கு 13 மாதத்துக்குள் மீண்டும் இரத்தம் போனது. இரண்டும் எடுத்தவர்களில் ஒருவருக்கும் போகவில்லை.

ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமியையும் மறக்க முடியாது. இரைப்பை அமிலத்தில் கிருமி வாழாது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்தபோது, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரனும் பரி மார்ஷலும் அதைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பாததால் 1984 இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005 இல் இருவருக்கும் நோபல். இந்தக் கிருமியும் நோக் குளிசையும் சேர்ந்தால் ஒன்றின் ஆபத்தை மற்றது பெருக்குகிறது. புண் கண்டவர்களுக்கும், நீண்ட காலம் நோக் குளிசை தொடங்கப்போகிறவர்களுக்கும் இதைப் பரிசோதிப்பது நல்லது. பரிசோதனைக்கு இரண்டு கிழமை முன்பே ஒமிபிரசோலை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இருக்கும் கிருமியும் இல்லை என்று காட்டலாம்.

புண் வந்துவிட்டால் சிகிச்சை சிக்கலானது அல்ல. நோக் குளிசையை நிறுத்தி ஒமிபிரசோல் வகையைத் தொடர்ந்து எடுத்தால் சிறுகுடல் புண் பெரும்பாலும் 4 கிழமையில், இரைப்பைப் புண் 8 கிழமையில் ஆறும். கிருமி இருந்தால் அதற்கு இரண்டு கிழமை அன்டிபயோட்டிக். இடையில் நிறுத்தக் கூடாது. இரைப்பைப் புண் என்றால் ஆறியதா என்று மீண்டும் கெமரா விட்டுப் பார்ப்பார்கள். புற்றுநோயும் சில வேளை புண் போலவே தெரியும் என்பதால் அந்த இரண்டாவது பரிசோதனையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். அம்மாவுக்கு இரத்தம் இரண்டு பை ஏற்றி, கெமரா வழியாகவே புண்ணுக்கு ஊசி போட்டு இரத்தத்தை நிறுத்தினார்கள். ஓட்டை விழுந்தால் சத்திரசிகிச்சைதான். திடீரென்று கத்தியால் குத்தியது போன்ற நோவும், பலகை போல இறுகிய வயிறும் அதன் அடையாளம்.

இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் இதை வாசித்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். 2010 இல் வெளிவந்த இன்னொரு ஹொங்கொங் ஆய்வில், புண்ணால் இரத்தம் போன பிறகு அஸ்பிரினைத் தொடர்ந்தவர்களில் 8 கிழமைக்குள் இறந்தவர்கள் 1.3 சதவீதம். நிறுத்தப்பட்டவர்களில் 12.9 சதவீதம். அஸ்பிரினை எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பது டொக்டரின் முடிவு. குளோபிடோகிரல் எடுப்பவருக்கு ஒமிபிரசோலை விடப் பன்டொப்ரசோல் பொருத்தம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கறுப்பாக, பசை போல, கெட்ட மணத்தோடு மலம் போனாலும், கோப்பித் தூள் நிறத்தில் வாந்தி எடுத்தாலும் விடியும் வரை பார்க்க வேண்டாம். இரும்புக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பது சரிதான், ஆனால் அதை வீட்டிலிருந்து தீர்மானிக்க வேண்டாம். தலைச்சுற்றும் வியர்வையும் சேர்ந்தால் நடக்க விடாமல் படுக்க வைத்து 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருப்பவர்கள் ஆற்றைக் கடக்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்து முன்னதாகவே அழைக்க வேண்டும்.

அம்மாவுக்கு இப்போது 76 வயது. முழங்கால் இன்னும் நோகத்தான் செய்கிறது. ஜெல் பூசுகிறார், பனடோல் போடுகிறார், கதிரையில் இருந்து காலை நீட்டித் தொடைக்குப் பயிற்சி செய்கிறார், குந்தியிருந்து தேங்காய் திருவுவதை விட்டுவிட்டார். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறோம்: "இரைப்பைப் புண், இரத்தப்போக்கு. டைக்ளோபினாக், புரூபன், பொன்ஸ்டான் கொடுக்க வேண்டாம்." போன மாதம் பல் பிடுங்கப் போனபோது பல் டொக்டர் துண்டில் ஏதோ எழுதத் தொடங்கினார். அம்மா கொப்பியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அவர் வாசித்துவிட்டு, எழுதியதை வெட்டிப் பனடோல் என்று எழுதிக் கொடுத்தார்.